அரத்திலிருந்து வந்த வில்

காட்டுமன்னார்கோயிலானாலும் சரி, சிதம்பரமானாலும் சரி, திருவிழா என்றால் பலூன் சுடும் கடை ஒன்று வந்து சேர்ந்துவிடும். பலகையில் வரிசை வரிசையாகப் பலூன்கள். எதிரே மேசைமேல் இரண்டொரு துப்பாக்கிகள். கடைக்காரர் குழலை மடக்குவார். சிறிய ஈயக் குண்டு ஒன்றை வைப்பார். நிமிர்த்திக் கையில் கொடுப்பார். விசையை இழுத்தால் 'டப்' என்ற ஓசை கேட்கும். புகை இல்லை, வெடிமருந்து நாற்றமும் இல்லை. ஊரார் ஏர்கன் என்று சொல்லும் காற்றுத் துப்பாக்கி அது.

இதே வகைத் துப்பாக்கி பழைய வீடுகள் சிலவற்றின் பரணிலும் கிடப்பதுண்டு. தாத்தா காலத்தில் வாங்கியதாக இருக்கும். குழலில் துரு, கட்டையில் கறையான் அரித்த தடம். மடக்கினால் முனகும், சுட்டால் குண்டு நாலடி தள்ளி விழும். அதை எடைக்குப் போட்டுவிடுவதா, புதுப்பிப்பதா? புதுப்பிப்பதானால் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது? இக்கேள்விக்கு விடை காண, இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஆற்றங்கரையொன்றில் பழுது பார்க்கப்பட்ட ஒரு துப்பாக்கியின் வரலாறு நமக்குப் பெரிதும் உதவும்.

காற்றை அமுக்கினால் அது விரியத் துடிக்கும். மூங்கில் குழலின் இரு முனைகளிலும் பச்சைக் காய்களைத் திணித்து, ஒன்றைக் குச்சியால் உள்ளே தள்ளினால் மற்றது வெடித்துக்கொண்டு பறக்கும். கிராமத்துச் சிறுவர்கள் அறிந்த இவ்விளையாட்டில் காற்றுத் துப்பாக்கியின் தத்துவம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஐரோப்பியர் கொல்லுலைத் துருத்தியிலிருந்து தொடங்கினார்கள். ஸ்டாக்ஹோம் நகரிலுள்ள அரச படைக்கல அருங்காட்சியகத்தில் சுமார் 1580ஆம் ஆண்டைச் சேர்ந்த காற்றுத் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. அது துருத்தியால் இயங்குவதுதான். பிறகு, பம்பினால் காற்றை ஒரு கலத்தில் அடைத்து வைத்துக்கொண்டு, வால்வைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செலவிடும் வகை தோன்றியது.

இவ்வகையில் தலைசிறந்தது பார்த்தலோமியோ ஜிரார்டோனி என்பவர் அமைத்த துப்பாக்கியாகும். ஆஸ்திரியப் படை 1780ஆம் ஆண்டில் அதை ஏற்றுக்கொண்டது. அக்காலம் எத்தகையது என்பதை நம் மாவட்டத்தை வைத்தே அறியலாம். 1783ஆம் ஆண்டு கடலூரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டபோது இரு தரப்பாரும் ஏந்தியவை சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிகள். மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கோலால் இடித்த பிறகே சுட முடியும். பழகிய சிப்பாய்க்கும் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவது பெரிது. மழையில் மருந்து நனைந்துவிட்டால் அதுவும் இல்லை. ஜிரார்டோனியின் துப்பாக்கியிலோ குழலின் பக்கத்தில் இருபது குண்டுகள் வரிசையாகக் காத்திருந்தன. முனையைச் சற்று உயர்த்தி ஒரு சிறு கட்டையைத் தள்ளினால் அடுத்த குண்டு தன் இடத்துக்கு வந்துவிடும். தோளில் அணைக்கும் பின்பகுதியே காற்றுக் கலம். அதை நிரப்பச் சுமார் 1500 தடவை பம்பு அடிக்க வேண்டும். ஒரு முறை நிரப்பினால் ஏறத்தாழ 30 குண்டுகளை வலுவோடு செலுத்தலாம்.

இவ்வளவு சிறந்த கருவி 1815ஆம் ஆண்டளவில் படையிலிருந்து மறைந்துவிட்டது. தத்துவத்தில் குறை ஒன்றும் இல்லை. இரும்புத் தகட்டைக் கையால் வளைத்து ஒட்டிய கலங்களில் காற்றுக் கசிந்தது; தோல் வளையங்கள் காய்ந்தன; நுட்பமான வால்வைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் படைகளில் அரிதாக இருந்தார்கள். பழுது பார்ப்பார் இல்லாமல் அழிந்த கருவிகளின் பட்டியல் நீளமானது. அதில் இதற்கும் ஓர் இடம் உண்டு.

ஆனால், பழுது பார்ப்பவர் உடன் சென்ற துப்பாக்கி ஒன்று இருந்தது. அமெரிக்க நாட்டின் மேற்குப் பகுதியை ஆராய மெரிவெதர் லூயிஸ், வில்லியம் கிளார்க் ஆகிய இருவர் தலைமையில் ஒரு குழு 1804ஆம் ஆண்டு மிசௌரி ஆற்றில் புறப்பட்டு, பசிபிக் கடலைக் கண்டு, 1806ஆம் ஆண்டு திரும்பியது. லூயிஸ் ஒரு காற்றுத் துப்பாக்கியைக் கொண்டு சென்றார். 1803 ஆகஸ்டு இறுதியில் பிட்ஸ்பர்க் அருகே அதைச் சிலருக்குக் காட்டினார். தாம் ஏழு முறை சுட்ட பிறகு ஒருவர் கையில் கொடுக்க, அது தவறிச் சுட்டுவிட்டது. சற்றுத் தொலைவில் நின்ற ஒரு பெண்ணின் நெற்றிப்பொட்டைக் குண்டு உரசிச் சென்றது. நல்ல வேளையாகக் காயம் சிறிது. காற்றுத்தானே என்று இத்துப்பாக்கியை எளிதாக எண்ணுபவர்கள் இந்நிகழ்ச்சியை மறவாதிருக்க வேண்டும்.

வழியில் சந்தித்த பழங்குடி மக்களின் முன்னிலையில் லூயிஸ் அடிக்கடி அதைச் சுட்டுக் காட்டினார். புகையில்லாமல், மருந்திடாமல், அடுத்தடுத்துச் சுடும் கருவியைக் கண்டு அவர்கள் வியந்தார்கள். பரிசுப் பொருள்களோடு அச்சுறுத்தலையும் கலந்து தரும் ராஜதந்திரம் அது. இவர்களிடம் இத்தகைய துப்பாக்கிகள் எத்தனை இருக்கின்றன என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாதல்லவா!

குழுவில் ஜான் ஷீல்ட்ஸ் என்றொரு கொல்லர் இருந்தார். துப்பாக்கி வேலையும் அறிந்தவர். 1805ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள், மரியாஸ் ஆறு மிசௌரியோடு கலக்கும் இடத்தில் தங்கியிருந்தபோது, காற்றுத் துப்பாக்கியின் முதன்மை வில்லை ஷீல்ட்ஸ் புதிதாக அமைத்தார் என்று லூயிஸ் தம் நாட்குறிப்பில் எழுதினார். ஆகஸ்டு 7ஆம் நாள் குறிப்பில், குறிபார்க்கும் முனை கழன்றுபோயிருந்ததையும் தாமே அதைச் சீராக்கியதையும் எழுதினார். வரலாற்று நூல்கள் பெரும்பாலும் கண்ணெடுத்தும் பாராமல் கடந்துவிடும் வரிகள் இவை.

பயணம் முடிந்தபின் அத்துப்பாக்கி எங்கே போயிற்று? பிலடெல்பியாவில் செய்த ஒற்றைக் குண்டுத் துப்பாக்கியே லூயிஸுடையது என்று நெடுங்காலம் கருதி வந்தார்கள். பிறகு தாமஸ் ராட்னி என்ற நீதிபதியின் பயணக் குறிப்பு ஆய்வாளர் கண்ணில் பட்டது. அவர் 1803 செப்டம்பரில் ஓஹையோ ஆற்றங்கரையில் லூயிஸைச் சந்தித்தவர். அத்துப்பாக்கி 22 குண்டுகளை ஒருங்கே ஏற்பது என்று எழுதி வைத்திருந்தார். அப்படியானால் அது ஜிரார்டோனி வகைதான். ராபர்ட் பீமன் என்ற சேகரிப்பாளரிடம் அவ்வகைத் துப்பாக்கி ஒன்று இருந்தது. அதைப்போல் மாதிரிகள் செய்வதற்காகக் கைவினைஞர்கள் அதை முழுவதும் பிரித்து அளந்தார்கள். உள்ளே முதன்மை வில் மாற்றப்பட்டிருந்தது. குதிரைக்கு லாடம் கட்டுவோர் குளம்பைத் தேய்க்கப் பயன்படுத்தும் அரத்தைக் காய்ச்சி அடித்துச் செய்த வில் அது!

நம் பக்கத்துக் கொல்லர்கள் லாரிப் பட்டையில் அரிவாள் அடிப்பார்கள். வில்லாக இருந்த எஃகு வெட்டும் கருவியாகிறது. அந்தத் துப்பாக்கியில் நடந்தது அதன் மறுதலை. தேய்க்கும் கருவி வில்லானது. இரண்டும் கரி மிகுந்த எஃகு என்பதால் இது கைகூடுகிறது. அரம் கடினமானது, வளைத்தால் முறிந்துவிடும். அதை முதலில் செந்நிறமாகக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டு மென்மையாக்க வேண்டும். வேண்டிய வடிவில் அடித்த பிறகு மீண்டும் காய்ச்சித் தோய்த்து, மறுபடி சுமார் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்ற வேண்டும். அப்போது எஃகின் மேல் நீலம் பூக்கும். அந்த நிறத்தில் நிறுத்தினால் வளைந்து மீளும் தன்மை வந்துவிடும். வெப்பமானி இல்லாத இடத்தில் கொல்லரின் கண்ணே வெப்பமானி.

துப்பாக்கியில் லூயிஸின் பெயர் பொறிக்கப்படவில்லை. ஆயினும் நாட்குறிப்பும் இரும்பும் ஒரே செய்தியைச் சொல்வதால், அவருடைய துப்பாக்கி இதுவாகவே இருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள். அது பின்னர் அமெரிக்கப் படைக் கல்லூரிக்கு நன்கொடையாக அளிக்கப்பட்டது. இடையில் யாராவது ஒருவர், 'இந்த முரட்டு வில் அழகாக இல்லை' என்று அதை எறிந்துவிட்டு, பளபளப்பான புதிய வில்லைப் போட்டிருந்தால்? துப்பாக்கி இன்னும் நன்றாகச் சுட்டிருக்கும், ஆனால் ஊமையாகியிருக்கும்.

இனி நம் பரணுக்கு வருவோம். அங்கே கிடப்பது ஜிரார்டோனி வகை அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய சுருள்வில் வகை. ஜெர்மனியின் ராஸ்டாட் நகரில் 1890ஆம் ஆண்டு தொடங்கிய நிறுவனத்தின் 'டயானா' துப்பாக்கிகள் உலகெங்கும் புகழ் பெற்றன. இத்துறையில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்க 'டெய்சி' துப்பாக்கியைச் செய்தது முதலில் காற்றாலைகள் செய்துவந்த நிறுவனம். நாம் சைக்கிளின் பெயராக அறிந்த பி.எஸ்.ஏ. என்பது பர்மிங்ஹாம் சிறு படைக்கல நிறுவனத்தின் சுருக்கம். அதுவும் காற்றுத் துப்பாக்கி செய்தது. நம் நாட்டில் சிமென்டுக் குழாய்களுக்குப் பெயர்பெற்ற இந்தியன் ஹியூம் பைப் கம்பெனியும் காற்றுத் துப்பாக்கிகள் செய்து விற்றது. வீராணம் திட்டத்துக்காக வார்த்த பெருங்குழாய்கள் ஆண்டுக்கணக்கில் சாலையோரம் கிடந்ததைப் பார்த்த நம் பகுதியினருக்குக் குழாய்க்கும் துப்பாக்கிக்கும் உள்ள இவ்வுறவு புன்னகை வரவழைக்கும்.

குழலை மடக்கும்போது பிஸ்டன் பின்னுக்குத் தள்ளப்பட்டு, சுருள்வில் அமுங்கி, கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. விசையை இழுத்ததும் வில் பிஸ்டனை முன்னே எறிகிறது. அதன் முன்னுள்ள காற்று நொடியில் நசுங்கிச் சிறு துளை வழியே குண்டைத் தள்ளுகிறது. பிஸ்டனின் தலையில் கிண்ணம் போன்ற தோல் வாஷர் இருக்கும். சைக்கிள் பம்பிலும் பழைய அடிபம்பிலும் இருப்பதன் உறவுதான் அது. பரணில் கிடந்த துப்பாக்கி வலுவிழப்பதற்குப் பெரும்பாலும் இந்த வாஷர் காய்ந்து சுருங்குவதே காரணம். கிழியாதிருந்தால் எண்ணெயில் ஊறவைக்கப் பிழைத்துக்கொள்ளும். கிழிந்திருந்தால் நல்ல தோலை நனைத்து அச்சில் அழுத்திப் புதிதாகச் செய்யலாம்.

பிரிப்பதற்கு முன் உள்ளே குண்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழலை மடக்கிய நிலையில் விசையைத் தொடவே கூடாது. குழல் வேகமாக மேலெழும்பி விரலை நசுக்கும். இதைவிடப் பெரிய ஆபத்து சுருள்வில்லில் இருக்கிறது. துப்பாக்கி சும்மா இருக்கும்போதும் வில் ஓரளவு அமுங்கியே இருக்கும். பின்மூடியை வெறுங்கையால் கழற்றினால் அது பாய்ந்து முகத்தைத் தாக்கக்கூடும். திருகு வைத்த பிடிப்பில் நிறுத்தி, மெல்ல மெல்லத் தளர்த்த வேண்டும். மாணவர்கள் இந்த ஒரு வேலையைத் தேர்ந்த பட்டறைக்காரரிடம் விட்டுவிடுவதே நலம்.

துருவை மண்ணெண்ணெயில் ஊறவைத்து மெல்லிய எஃகுநாரால் தேய்த்து எடுக்கலாம். எமரித்தாள் வேண்டாம், துருவோடு தயாரித்தவர் பெயரும் போய்விடும். சில துப்பாக்கிகளில் செய்த மாதமும் ஆண்டும்கூடப் பொறித்திருக்கும். குழலின் உள்ளே ஈயக் கறை படிந்திருந்தால் துணித் துண்டை நூலில் கட்டி இழுத்தால் போதும். குழல் மூடும் இடத்தில் காற்றுக் கசிகிறதா என்றறிய, அங்கே மெல்லிய காகிதத் துண்டை வைத்துச் சுட வேண்டும்; காகிதம் துடித்தால் கசிவு உண்டு. கண்ட எண்ணெயையும் காற்றறைக்குள் விடுவது தவறு. திடீரென அமுக்கப்பட்ட காற்று கடுமையாகச் சூடேறும். டீசல் எஞ்சினில் நடப்பதுபோல் எண்ணெய் ஆவி தீப்பிடித்து வெடிக்க, வாஷரும் வில்லும் கெடும்.

வில் தளர்ந்திருந்தால் அதே அளவுள்ள வில்லை மாற்றலாம். வலு கூட்டுகிறேன் என்று பெரிய வில்லைத் திணிப்பவர்கள் உண்டு. அது கருவிக்கும் கேடு, சட்டத்துக்கும் புறம்பாகலாம். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழலின் துளை 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்டாலோ, குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்பட்டாலோ உரிமம் வேண்டும். கழற்றிய பழைய வில்லை ஒரு பொட்டலத்தில் கட்டி, தேதி எழுதித் துப்பாக்கியோடு வைப்பது நல்லது. கட்டையில் தாத்தா கத்தியால் கீறிய எழுத்துகளையும், யாரோ ஒருவர் அடித்த பித்தளைத் தகட்டையும் அப்படியே விட்டுவிடலாம்.

பறவைகளுக்கும் இதில் பங்குண்டு. பரணில் கிடக்கும் துப்பாக்கிகள் ஒரு காலத்தில் எதைக் குறிபார்த்தன என்பது வீராணம் ஏரிக்கரை மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் பறவை வேட்டை குற்றமாகிவிட்டது. பறவையியல் அறிஞர் சாலிம் அலி சிறுவயதில் தம் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் புள்ளி இருந்தது. அது என்ன குருவி என்று கேட்டுப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குச் சென்றார். அங்கே செயலாளர் மில்லார்டு பதப்படுத்திய பறவைகளைப் பெட்டி பெட்டியாகத் திறந்து காட்டினார். அவருடைய வாழ்க்கைப் பாதை அன்று தொடங்கிற்று. ஒரு சாலிம் அலிக்கு ஈடாக எத்தனை குருவிகள் வீணே மாண்டிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும்.

ஆகவே, புதுப்பித்த துப்பாக்கிக்கு ஏற்ற இலக்கு காகிதம்தான். பின்னால் மண் நிரப்பிய பெட்டி இருக்க வேண்டும். அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி அணிவது நல்லது. 10 மீட்டர் தூரம் போதும். 1984ஆம் ஆண்டு முதல் ஒலிம்பிக்கில் காற்றுத் துப்பாக்கிப் போட்டி நடைபெறுவதும் அந்தத் தூரத்தில்தான். அங்கே பத்துப் புள்ளி தரும் வட்டம் அரை மில்லிமீட்டர் அகலமே உள்ளது. கடலூரில் 1999ஆம் ஆண்டு பிறந்த இளவேனில் வாலறிவன், டோக்கியோவிலும் பாரிசிலும் இந்தியாவுக்காக அந்தப் புள்ளியைக் குறிபார்த்தவர். அவரைப் போன்றோர் ஏந்தும் துப்பாக்கியில் சுருள்வில் இல்லை. ஜிரார்டோனி செய்ததுபோலவே, முன்கூட்டி அடைத்த காற்றால் அது சுடுகிறது. பரண் துப்பாக்கியிடம் அந்தத் துல்லியத்தை எதிர்பார்க்க வேண்டாம். முதல் சில குண்டுகளுக்கு எண்ணெய்ப் புகை லேசாக வரும், பிறகு நின்றுவிடும். அதன்பின் சுடும் ஐந்து குண்டுகளும் ஒரு தீப்பெட்டி அளவுக்குள் அடங்கினால், துப்பாக்கி உயிர் பெற்றுவிட்டது எனலாம்.