வெள்ளி பிறந்த மலை



சில ஆண்டுகளுக்கு முன்பு ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் கட்டுரை ஏட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். "பாட்டி எனக்கு ஐந்து வெள்ளி கொடுத்தார்" என்று எழுதியிருந்தாள். 'வெள்ளி' என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, அதன் மேலே 'ரிங்கிட்' என்று எழுதினேன். மறுநாள் ஏட்டோடு என் மேசைக்கு வந்தாள். "பாட்டி வெள்ளின்னுதானே சார் சொல்றாங்க, அது தப்பா?" என்றாள். தவறில்லை அம்மா, பழைய வழக்கு என்றேன். "காகிதக் காசுக்கு ஏன் சார் வெள்ளின்னு பேரு?" என்று அடுத்த வினாவைத் தொடுத்தாள். பிறகு சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். விடை எனக்கே தெரியாது. ஆகவே பிறகும் சொல்லவில்லை.

விடையின் முதற்பாதி மலாய் அகராதியிலேயே இருக்கிறது. 'ரிங்கிட்' என்ற சொல்லுக்குப் பழைய மலாயில் பல்பல்லாக அமைந்த, சொரசொரப்பான விளிம்பு என்பது பொருள். அக்காலத்தில் இப்பகுதியில் புழங்கிய ஸ்பானிய வெள்ளி நாணயத்தின் விளிம்பில் கோலம் பொறிக்கப்பட்டிருக்கும். யாராவது ஓரத்தைச் சுரண்டி வெள்ளியைத் திருடினால் உடனே தெரிந்துவிட வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. மலாய்க்காரர் அந்த விளிம்பைப் பார்த்துப் பெயரிட்டனர். நம்மவர் உலோகத்தைப் பார்த்துப் பெயரிட்டனர். இரண்டு பெயரும் ஒரே நாணயத்தின் பெயர்களே. அந்த நாணயத்தின் பெரும்பகுதி ஸ்பெயினில் அடிக்கப்பட்டதன்று, மெக்சிகோவில் அடிக்கப்பட்டது.

விடையின் மறுபாதியை அந்த நாட்டிலேதான் கண்டேன். என் தங்கை குடும்பத்தார் பணியின் பொருட்டு மெக்சிகோ நகரில் தங்கியிருந்தனர். ஆண்டிறுதி விடுமுறையில் அங்கே சென்று மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தேன். மலேசியாவைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு பரப்புள்ள நாட்டை மூன்று வாரத்தில் பார்த்துவிட்டதாகச் சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். நான் பார்த்தது வெள்ளி போன வழியை மட்டும்தான்.

மெக்சிகோ நகரின் நடுவே, தேசிய அரண்மனையை ஒட்டி ஒரு தெரு செல்கிறது. அதன் பெயரே 'நாணயம்' என்பதுதான். பழைய அக்கசாலை அங்கே இருந்தது. இன்று அக்கட்டடம் உலகப் பண்பாடுகளின் அருங்காட்சியகமாக விளங்குகிறது. அமெரிக்கக் கண்டங்களிலேயே முதலாவதான இந்த அக்கசாலை 1535இல் நிறுவப்பட்டது. நம் மாணவர்களுக்குச் சொல்ல ஏற்ற ஓர் ஒப்பீடு இங்கே உண்டு. போர்த்துகீசியரிடம் மலாக்கா வீழ்ந்தது 1511 ஆகஸ்டு மாதம். ஸ்பானியரிடம் மெக்சிகோவின் பழைய தலைநகரான தெனோச்தித்லான் வீழ்ந்தது 1521 ஆகஸ்டு மாதம். இடைவெளி சரியாகப் பத்தே ஆண்டு. மலாக்காவிலிருந்து தப்பி ஓடிவந்த பெண்டஹாரா நம் ஆற்றில் நீர் பருகி 'செகார் அமாட்' என்றாராம். அதுவே சிகாமட் ஆயிற்று என்று ஊரில் ஒரு கதை வழங்குகிறதல்லவா? அந்த ஓட்டத்துக்குக் காரணமான அதே கடலோடிப் போட்டிதான் மெக்சிகோவையும் வீழ்த்தியது.

அங்கிருந்து வடக்கே சக்காத்தேக்கஸ் சென்றேன். பேருந்தில் நாள் முழுவதும் பயணம். வழியெல்லாம் வறண்ட மேட்டுநிலம், கள்ளிச்செடி, ஆளரவமற்ற வெளி. செம்பனையும் ரப்பரும் டுரியானும் சூழ்ந்த ஊரிலே வாழும் எனக்குக் கண்ணில் பசுமையே படாத அந்தப் பயணம் அச்சத்தையே தந்தது. நகரம் கடல்மட்டத்திலிருந்து 2,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இளஞ்சிவப்புக் கல்லால் கட்டிய தேவாலயங்கள். குளிருக்குப் போர்வை தேடினேன்.

1546இல் இங்கே வெள்ளி கண்டெடுக்கப்பட்டது. இப்போது 'ஏதேன்' என்ற பெயருடைய பழைய சுரங்கம் ஒன்றைப் பார்வையாளர்களுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். சிறு தொடர்வண்டியில் உள்ளே அழைத்துச் செல்கிறார்கள். பெயர்தான் ஏதேன் தோட்டம். உள்ளே இருட்டும் ஈரமும். கனிமத்தை முதுகில் சுமந்து ஏணியேறிய மனிதர்களைப் பற்றி வழிகாட்டி பேசிக்கொண்டே வந்தார். அவர்களிற் பலர் அந்நாட்டுப் பழங்குடியினர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரும் இருந்தனர். வெட்டிய கனிமத்திலிருந்து வெள்ளியைப் பிரிக்கும் முறையை 1554 வாக்கில் பச்சூக்கா என்னும் ஊரில் பர்த்தலோமே தே மெதீனா என்பவர் உருவாக்கினார். கனிமத்தைப் பொடியாக்கி, முற்றத்தில் சேறாகப் பரப்பி, உப்பும் பாதரசமும் கலந்து வாரக்கணக்கில் மிதிக்க வேண்டும். பாதரசம் வெள்ளியைப் பற்றிக்கொள்ளும். பிறகு சூடேற்றினால் பாதரசம் ஆவியாகிப் போய் வெள்ளி எஞ்சும். மிதித்தவை கோவேறு கழுதைகள். மனிதக் கால்களும் மிதித்தன. பாதரசம் உடலுக்கு என்ன செய்யும் என்பதை அறிவியல் ஆசிரியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அப்படிப் பிறந்த வெள்ளி மேற்குக் கரையிலுள்ள அக்காபுல்கோ துறைமுகத்தில் கப்பலேறியது. நானும் அங்கே போனேன். மலையிலிருந்து இறங்க இறங்கச் சூடும் புழுக்கமும் ஏறி, தென்னையும் மாமரமும் தோன்றியபோது மனம் ஊருக்கே திரும்பிவிட்டது போல் இருந்தது. அங்குள்ள சான் தியேகோ கோட்டை ஐந்து முனைகளோடு விண்மீன் வடிவில் கட்டப்பட்டது. 1565 முதல் 1815 வரை, இருநூற்றைம்பது ஆண்டுகள், அக்காபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே கப்பல்கள் ஓடின. போகும்போது வெள்ளி, வரும்போது சீனப் பட்டும் பீங்கானும் வாசனைப் பொருள்களும். மனிதர்களும் வந்தார்கள். இந்தியாவிலிருந்தும் மலாய்த் தீவுகளிலிருந்தும் பிடித்து மணிலாவில் விற்கப்பட்ட அடிமைகள் அவர்கள். எல்லாரையும் அங்கே 'சீனர்' என்றே பொதுப்பெயரால் அழைத்தார்களாம். இந்தியப் பெண்ணான கத்தரீனா தே சான் உவான் என்பவர் கொச்சி, மணிலா வழியாகப் புவேப்லா நகரத்தை அடைந்து, அங்கேயே 1688இல் இறந்தார். மக்கள் அவரைப் புனிதராகவே போற்றினர். ஆசிய அடிமைகளுக்கு விடுதலை ஆணை 1672இல்தான் வந்தது.

மணிலாவுக்கு வந்த வெள்ளி சீனாவுக்குப் போயிற்று. அங்கிருந்தும் வணிகர் கைவழியாகவும் மலாய்த் துறைமுகங்களுக்குப் பரவியது. நாணயம் ஏறத்தாழ 27 கிராம் எடை. ஒரு காலத்தில் அதன் ஒரு பக்கத்தில் இரண்டு தூண்கள் இருந்தன. தூண்களைப் பீரங்கி என்று எண்ணிய மலாய்க்காரர் அதை 'ரிங்கிட் மெரியாம்', அதாவது பீரங்கி ரிங்கிட் என்றனர். மெக்சிகோ 1821இல் விடுதலை பெற்றபின், கள்ளிச்செடிமேல் அமர்ந்து பாம்பைக் கவ்விய கழுகு அந்த இடத்தைப் பிடித்தது. நீரிணைக் குடியேற்றங்களில் இந்திய ரூபாயை நிலைநாட்டக் கல்கத்தா ஆட்சியினர் முயன்றனர், கடைத்தெரு ஏற்கவில்லை. 1867இல் இக்குடியேற்றங்கள் இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்ததும் மெக்சிகோ நாணயம் உள்ளிட்ட வெள்ளி நாணயங்கள் சட்டப்படியே செல்லுபடியாயின. மாகாண வெல்லெஸ்லி கரும்புத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரும், பின்னர்ச் சாலையும் இரயில் பாதையும் போட்டவர்களும் இந்தக் கழுகு வெள்ளி ஆண்ட காலத்தில்தான் உழைத்தார்கள். அதை வெள்ளி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வார்கள்?

இந்த இடத்தில் கணித ஆசிரியர்கள் சற்றே பொறுமை காட்ட வேண்டும். மெக்சிகோ நாணயத்தில் தூய வெள்ளி ஏறத்தாழ 24.4 கிராம், இந்திய ரூபாயில் 10.7 கிராம். இரண்டும் வெள்ளியாகவே மதிக்கப்பட்ட காலத்தில் ஒரு வெள்ளிக்கு ஏறக்குறைய இரண்டேகால் ரூபாய் கிடைக்கும். 1870களில் ஐரோப்பிய நாடுகள் தங்கத்துக்கு மாறத் தொடங்கியதால் உலகச் சந்தையில் வெள்ளியின் விலை சரிந்தது. வெள்ளியும் ரூபாயும் ஒன்றாகவே சரிந்தவரை, ஊருக்குப் பணம் அனுப்பிய தமிழனுக்கு அதனால் இழப்பில்லை. 1893இல் இந்திய அரசு தன் அக்கசாலைகளைப் பொதுமக்கள் கொண்டுவரும் வெள்ளிக்கு மூடிவிட்டது. நாளடைவில் ரூபாய் ஒரு ஷில்லிங் நான்கு பென்னி என்ற மதிப்பில் நிலைபெற்றது. இங்கிருந்த வெள்ளியோ விழுந்துகொண்டே போய், 1902இன் இறுதியில் ஏறத்தாழ ஒன்றேகால் ரூபாய்க்கு வந்துவிட்டது. அதே வேலை, அதே வியர்வை, கையில் அதே எண்ணிக்கை வெள்ளி. ஊரில் மனைவி மக்கள் கையில் சேர்ந்தது முன்னைப்போல் பாதியை விடச் சற்றே கூடுதல். கடன்பட்டுக் கப்பலேறியவன், தான் எந்தத் தவறும் செய்யாமலே கடன் ஏன் அடையவில்லை என்று தெரியாமல் தவித்திருப்பான். கங்காணி ஏமாற்றியதையும் துரை அடித்ததையும் நாம் பாடத்தில் சொல்கிறோம். இந்த ஓசையற்ற இழப்பை நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

1903இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கெனத் தனி வெள்ளி அடிக்கப்பட்டது. மெக்சிகோ நாணயம் 1904இல் செல்லாததாயிற்று. திரும்பப் பெற்ற பழைய நாணயங்களைப் பம்பாய் அக்கசாலைக்கு அனுப்பி உருக்கி, எட்வர்டு மன்னர் தலையோடு புதிதாக அடித்துக் கொணர்ந்தனர். சக்காத்தேக்கஸ் மலையின் வெள்ளி இவ்வாறு இந்தியாவையும் ஒருமுறை பார்த்துவிட்டு இங்கே திரும்பியது. 1906இல் ஒரு வெள்ளி இரண்டு ஷில்லிங் நான்கு பென்னி என்று நிலைநிறுத்தப்பட்டது. ரூபாய்க் கணக்கில் ஒன்றேமுக்கால். சிகாமட் வழியாக ஜொகூர் இரயில் பாதை 1909இல் திறக்கப்பட்டு, இப்பக்கத்துத் தோட்டங்களுக்கு ஆட்கள் வந்திறங்கியபோது கழுகு நாணயம் மறைந்துவிட்டது. பெயர் மட்டும் நின்றது. 1967இல் பேங்க் நெகாரா மலேசிய நாணயத்தை வெளியிட்டது. 1975இல் 'ரிங்கிட்' அதிகாரப்பூர்வப் பெயராயிற்று. சிங்கப்பூரில் தமிழ் நாளிதழ் இன்றும் வெள்ளி என்றே எழுதுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மெக்சிகோவில் 68 பழங்குடி மொழிகளை அரசு ஏற்றிருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அவற்றைப் பேசுவோர் 73 இலட்சம் பேர், நூற்றுக்கு ஆறு பேர். 'சாக்லெட்', 'தொமாத்தோ' ஆகிய சொற்களை உலகுக்குக் கொடுத்த நாவாத்தில் மொழியும் அவற்றில் ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பள்ளிக்கூடமே ஸ்பானிய மொழியை மட்டும் பரப்பும் கருவியாக இருந்தது. ஆசிரியர் நல்லெண்ணத்தோடுதான் பிள்ளைகளின் பேச்சைத் திருத்தினார். வீட்டில் பாட்டி பேசிய மொழி பிழை என்று பிள்ளை கற்றுக்கொண்டது. மொழியுரிமைச் சட்டம் 2003இல்தான் வந்தது. இதை அங்கே அறிந்தபோது என் சிவப்பு மைப் பேனாவின் நினைவு வந்தது. ஒரு சொல்தானே என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன், சரிவரவில்லை.

ஞாயிற்றுச் சந்தையில் 1880களின் கழுகு நாணயம் என்று சொல்லி ஒன்றை விற்றார்கள். போலிகள் மிகுதி என்று தங்கை கணவர் எச்சரித்தார். தராசில் நிறுத்துப் பார்த்து வாங்கினேன்.

ஊர் திரும்பியபோது அம்மாணவி இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டிருந்தாள். அவள் தம்பி நம் பள்ளியில் படிக்கிறான். பெற்றோர் சந்திப்பு நாளில் அவனுக்காகப் பாட்டியே வந்தார். பழைய சங்கதியைச் சொல்லி, உங்கள் பேத்திக்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்று நாணயத்தை அவர் கையில் வைத்தேன். பால்மரம் வெட்டிக் காய்த்துப்போன விரல்கள். கழுகையும் பாம்பையும் அவர் பார்க்கவேயில்லை. கட்டைவிரலால் விளிம்பை மெல்லத் தடவினார்.

"ஓரமெல்லாம் சொரசொரன்னு இருக்கே வாத்தியாரே" என்றார்.