பியாஃப் பாடிய பாட்டும் படைவீரர் பாடிய பாட்டும்

பிரெஞ்சு மெல்லிசையில் பழக்கமில்லாதவரும் எங்கேனும் ஒருமுறை கேட்டிருக்கக்கூடிய பாட்டு, எதித் பியாஃப் பாடிய ‘நோன், ஜெ ந ரெக்ரெத் ரியான்’. ‘இல்லை, நான் எதற்கும் வருந்தவில்லை’ என்பது அத்தொடரின் பொருள். இரண்டரை மணித்துளிக்குள் முடிந்துவிடும் இச்சிறு பாடலைப் பியாஃபின் தன்வரலாறாகவே கொள்ளுதல் பெருவழக்கு. அவ்வழக்கு முற்றும் பிழையன்று. ஆயின் பாட்டின் வரலாறு அதனோடு முடிந்துவிடவில்லை.

அவர் வாழ்க்கை பலரும் எழுதியதே. சுருங்கச் சொன்னால் போதும். 1915ஆம் ஆண்டு பாரிசில் பிறந்தார். தந்தை தெருக்களில் வித்தை காட்டிய கழைக்கூத்தர், தாய் பாடகி. குழந்தைப் பருவத்தின் ஒரு பகுதி, நார்மண்டியில் பாட்டி நடத்திய பரத்தையர் இல்லத்தில் கழிந்தது. தெருவில் பாடிக்கொண்டிருந்தவரை 1935இல் லூயி லெப்லே என்பார் தம் இரவு விடுதியில் பாடவைத்து, பாரிஸ் கொச்சை வழக்கில் சிட்டுக்குருவியைக் குறிக்கும் ‘பியாஃப்’ என்னும் பெயரைச் சூட்டினார். 1949இல் காதலரான குத்துச்சண்டை வீரர் மார்செல் செர்தான் வானூர்தி விபத்தில் மாண்டார். பின்னர் கார் விபத்துகள், மார்ஃபின் பழக்கம், மேடையிலேயே சரிந்து விழுந்த நாள்கள். வருந்துவதற்கு இத்தனை உடைய ஒருவர் வருந்தவில்லை என்று பாடியதே கேட்டோரை உருக்கிற்று.

ஆயினும் அச்சொற்கள் அவருடையவை அல்ல. ‘லா வி ஆன் ரோஸ்’ பாடலைத் தாமே எழுதியவர் பியாஃப். இதற்கோ 1956இல் ஷார்ல் துமோன் இசையமைக்க, மிஷேல் வோகேர் சொற்களைத் தந்தார். நான்காண்டுகள் பாடுவாரின்றிக் கிடந்த பாட்டோடு இருவரும் 1960 அக்டோபரில் பியாஃபின் இல்லம் சென்றனர். துமோனின் பாடல்களை முன்பே ஒதுக்கியவர் அவர். அன்றும் ஒரே ஒரு பாட்டுக்குத்தான் செவிசாய்க்க இசைந்தார் என்றும், முடிந்ததும் மீண்டும் வாசிக்கச் சொன்னார் என்றும் துமோன் பிற்காலத்தில் கூறினார். நவம்பரில் பதிவு; ஆண்டிறுதியில் ஒலிம்பியா மேடை. கடனில் மூழ்கியிருந்த அவ்வரங்கை மீட்டவை அந்த நிகழ்ச்சிகளே என்பர்.

இதுவரை உள்ளது எல்லாரும் விரும்பிச் சொல்லும் பகுதி. பலரும் விரைந்து கடக்கும் செய்தி ஒன்றுண்டு. பியாஃப் இப்பாடலை ‘லெஜியோன்’ எனப்படும் பிரெஞ்சு அயல்நாட்டார் படைக்குக் காணிக்கையாக்கினார். அப்படை அப்போது அல்ஜீரிய விடுதலைப் போரை ஒடுக்கிக்கொண்டிருந்தது. அல்ஜீரியாவைக் கைவிட த கோல் துணிந்துவிட்டார் எனச் சினந்த தளபதிகள் நால்வர் 1961 ஏப்ரலில் அல்ஜியர்சில் கலகம் செய்தனர். அவர்களுக்கு வலக்கையாய் நின்றது அயல்நாட்டார் படையின் முதலாம் வான்குடைப் பிரிவு. சில நாள்களிலேயே கலகம் அடங்கிற்று. ஏப்ரல் 30இல் அப்பிரிவு கலைக்கப்பட்டது. ஸெரால்தா பாசறையை விட்டு வண்டிகளில் வெளியேறிய வீரர்கள் உரக்கப் பாடியது பியாஃபின் பாட்டை.

ஈண்டுச் சொற்களைச் சற்றே நின்று நோக்குதல் வேண்டும். பாட்டு மறுப்போடு தொடங்குகிறது. வினவியவர் குரல் நமக்குக் கேட்பதில்லை, விடை மட்டுமே கேட்கிறது. நம் அகப்பாடல்களில் போலவே பெயர் எதுவும் இல்லை. ஆகவே அந்த ‘நான்’ யாராகவும் இருக்கலாம். ஆனால் ஒன்று: அப்பெண் வருந்தாத நன்மையும் தீமையும் பிறர் அவளுக்குச் செய்தவை. அவள் பிறர்க்குச் செய்த தீமை பற்றிப் பாட்டில் ஒரு சொல்லும் இல்லை. ஸெரால்தாவிலோ பாடியவர்கள் செய்தவர்கள். 1957இல் அல்ஜியர்ஸ் நகரை வான்குடைப் படையினர் அடக்கியபோது கைதிகள் வதைக்கப்பட்டனர்; இப்பிரிவும் அந்நடவடிக்கையில் இருந்தது. அக்காலத்தில் மாண்ட மொரீஸ் ஓதேன் என்னும் கணித ஆசிரியரின் சாவுக்கு அரசே பொறுப்பு எனப் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் ஒப்புக்கொள்ள 2018 ஆயிற்று. தனக்கு நேர்ந்ததைத் துடைத்தெறியும் பெண்ணின் சொல், தாம் செய்ததைத் துடைத்தெறியும் வீரரின் சொல்லாயிற்று. ஓர் எழுத்தும் மாறவில்லை.

இப்பாடலை வெறும் காதற்பாட்டு என்று விளக்கும் நூல்கள் எனக்கு நிறைவளிப்பதில்லை. கலகத்தில் பியாஃபுக்குப் பங்கில்லை, காணிக்கை அவருடையதே. 1937லேயே ஒரு படைவீரன்மேல் கொண்ட காதலைப் பாடிப் புகழ்பெற்றவர் அவர். அவர் கண்ட வீரன் பாட்டில் வருபவன் போலும், அல்ஜியர்ஸ் தெருக்களில் நடந்தவன் அல்லன்.

1962இல் அல்ஜீரியா விடுதலை பெற்றது. 1963 அக்டோபரில், 47ஆம் வயதில் பியாஃப் மறைந்தார். அவர் வாழ்ந்த முறையைக் காரணம் காட்டிப் பாரிஸ் பேராயம் இறுதித் திருப்பலியை மறுத்தது. பேர் லாஷேஸ் கல்லறைத் தோட்டம்வரை பாரிஸ் மக்கள் பெருந்திரளாகப் பின்தொடர்ந்தனர்.