ஓங்கிலின் கொழுப்பும் குறுவை வயலும்

தஞ்சாவூரின் பசுமைப் புரட்சியைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். பிரான்சின் ஃபிராங்கெல் 1971இல் எழுதினார். கேத்லீன் கஃப் 1950களின் தொடக்கத்தில் வந்து தங்கி, 1976இல் மறுபடியும் வந்து பார்த்து எழுதினார். இவர்களும் இவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் புரட்டிய ஆவணங்கள் நமக்குத் தெரிந்தவைதான்: விளைச்சல் கணக்கு, கூலிக் கணக்கு, குத்தகைச் சீட்டு, சொசைட்டிக் கடன் ஏடு, சனங்களின் வாய்மொழி. இதே வரலாற்றுக்கு இன்னொரு ஆவணமும் இருக்கிறது. வங்கக் கடலில் செத்த ஓங்கில்களின் தோலுக்கடியில், விரல்கனக் கொழுப்பில் அது பதிவாகியிருக்கிறது. டால்பின் என்று இப்போது எல்லோரும் சொல்வதைத்தான் நம் கரையோரத்தில் ஓங்கில் என்பார்கள்.

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அங்குள்ள ஆய்வாளர்களும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்துக்காரர்களும் சேர்ந்து 1980களின் பிற்பகுதியிலிருந்து ஒரு தொடர்வேலை செய்தார்கள். காற்று, ஆற்றுநீர், சேறு, மீன் எல்லாவற்றையும் அள்ளிப் பூச்சிமருந்து மிச்சம் எவ்வளவு என்று அளந்தார்கள். அதன் ஒரு கண்ணியாக, அந்தப் பக்கத்துக் கடலில் வலைபட்டுச் செத்த ஓங்கில்களின் கொழுப்பையும் எடுத்தார்கள். முடிவுகள் 1993இல் வெளிவந்தன. டி.டி.டி. கூடுதலாக இருந்தது. பி.எச்.சி. அதைவிடக் குறைவு. கரைந்த நஞ்சு இங்கே எப்படித் தங்குகிறது என்பது எளிய சங்கதி: இந்த மருந்துகள் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். சிறுமீனிலிருந்து பெருமீனுக்கு, பெருமீனிலிருந்து ஓங்கிலுக்கு ஏறி அங்கேயே தங்கிவிடும். ஆண் ஓங்கிலுக்கு வயது ஏற ஏற நஞ்சும் ஏறும். பெண்ணுக்கு அப்படி இல்லை. அது தன் பாலில் இறக்கிவிடுகிறது. தலைச்சன் குட்டிக்குத்தான் பெரும்பங்கு.

இதே குழு 1990இல் தென்னிந்தியத் தாய்மார்களின் பாலையும் அளந்து வெளியிட்டது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதற்குத் திரும்பி வருவோம்.

1960இல் 'பேக்கேஜ் திட்டம்' தஞ்சை மாவட்டத்துக்கு வந்தது. 1965இல் ஆடுதுறையிலிருந்து ஏ.டி.டி. 27 வந்து குறுவையை மாற்றிப்போட்டது. விதையோடு உரமும், உரத்தோடு பூச்சியும், பூச்சியோடு பி.எச்.சி. பவுடரும் வந்தன. சுவாமிமலை வட்டாரத்தில் அதைத் துணிமூட்டையில் கட்டி, கைத்தடியால் தட்டிக்கொண்டே வரப்பில் நடப்பார்கள். வெள்ளைப் புகையாக இறங்கும். மறுநாள் களையெடுக்க இறங்குவது வேறு ஆட்கள், பெண்கள், சேரியிலிருந்து வந்தவர்கள். "பவுடர் தூவுன வயல்ல எறங்குனா ராத்திரி பூரா தலை கிண்ணு கிண்ணுங்கும், கூலிய வுட்டுட முடியுமா" என்று எங்கள் ஊர்க் கிழவி ஒருத்தி சொன்னாள். எந்த ஆவணத்திலும் இந்தத் தலைவலி ஏறவில்லை.

இங்கே நாம் எளிதாகச் செய்துகொள்ளக்கூடிய கதையாடல் ஒன்று உண்டு. வயலில் தூவிய நஞ்சைக் காவிரியும் கொள்ளிடமும் கொண்டுபோய்க் கடலில் கொட்டின, கடல் ஓங்கிலுக்கு ஊட்டியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பரங்கிப்பேட்டை ஆய்வு இதை ஒப்புக்கொள்ளவில்லை. வெள்ளாற்றுப் படுகை நெல்வயல்களில் அவர்கள் கண்டது வேறு: போட்ட பி.எச்.சி.யில் 99.6 சதம் காற்றில் ஆவியாகிவிடுகிறது, 0.4 சதம்தான் நீரோடு வடிகிறது. (அணைக்கரையில் பிரிந்து வடவாறு வழியாக வீராணத்துக்குப் போகும் எங்கள் தண்ணீர்தான் அந்தப் பக்கத்து வயல்கள் பலவற்றுக்கும் பாய்கிறது. ஆகவே இது அயலூர்க் கணக்கு இல்லை.) நம் வெயில் நம் நஞ்சை மேலே தூக்கிவிட்டது. அது குளிர்ந்த இடம் பார்த்து இறங்குகிறது. வடதுருவக் காற்றில் இருந்த பி.எச்.சி. அளவு, 1983இல் சீனம் தடைசெய்த பிறகு ஒரு இறக்கமும், 1990களில் இந்தியா கைவிட்ட பிறகு இன்னொரு இறக்கமும் கண்டது. 1997இல்தான் இங்கே முழுத் தடை வந்தது. ஆக, குறுவை வயலின் சரித்திரத்தில் ஒரு பகுதி ஆர்க்டிக் கடல்நாயின் கொழுப்பில் இருக்கிறது. பரங்கிப்பேட்டை ஓங்கிலில் இருப்பது மிச்சம். அதில் டி.டி.டி. தூக்கலாக இருப்பதற்கு வயல் மட்டுமல்ல, மலேரியா ஒழிப்பென்று வீட்டுச் சுவர்தோறும் அடித்ததும் காரணம்.

ஒரு கொழுப்புத் துண்டை இப்படி வாசிக்க வேண்டுமென்றால் அது முதலில் கெடாமல் இருக்க வேண்டும். மரபணு பார்க்கத் தோல்துண்டை ஆல்கஹாலில் போட்டால் போதும். திசுவின் நோயைப் பார்க்க ஃபார்மலினில் ஊறப்போட வேண்டும். அதே ஃபார்மலின் மரபணுவைக் குலைத்துவிடும். நஞ்சையும் வைரஸையும் பார்க்க ஆழ்குளிரில் உறைய வைக்க வேண்டும். செத்து எத்தனை நாள், எந்தக் கரை, ஆணா பெண்ணா, எவ்வளவு நீளம் என்கிற சீட்டு இல்லாவிட்டால் இத்தனையும் வீண். இப்படிச் சேர்த்து வைப்பதில் என்ன லாபம்? 1987-88இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் நூற்றுக்கணக்கில் ஓங்கில்கள் செத்து ஒதுங்கின. கடற்பாசி நஞ்சுதான் காரணம் என்று முதலில் தீர்ப்பு எழுதினார்கள். எடுத்து வைத்திருந்த திசுக்களைச் சில வருஷம் கழித்து மறுபடி பார்த்தபோது மார்பில்லி வைரஸ் அகப்பட்டது. பழைய தீர்ப்பு போயிற்று. 1992இல் அங்கே இதற்கென்று சட்டமே வந்தது. எஹிமேக்காரர்கள் 1960களிலிருந்து உலகெங்கும் சேர்த்தவற்றை மாட்சுயாமாவில் ஒரு 'மாதிரி வங்கி'யாக உறைநிலையில் வைத்திருக்கிறார்கள்.

வங்கி யாருடைய ஊரில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் மறுவாசிப்பும் சாத்தியம். இது புதிய சங்கதியும் இல்லை. சர் வால்டர் எலியட் என்ற சென்னை சிவிலியன் 1845இல் அமராவதியைத் தோண்டினார். அந்தக் கற்கள் சென்னை வழியாக லண்டன் போய்ச் சேர்ந்தன. அதே மனிதர் விசாகப்பட்டினத்தில் அதிகாரியாக இருந்தபோது கடல் விலங்குகளின் மண்டையோடுகளையும் சேர்த்து அனுப்பினார். 1852இல் அங்கே கிடைத்த மொட்டைமூக்கு ஓங்கிலுக்கு 1866இல் ரிச்சர்ட் ஓவன் லண்டனில் உட்கார்ந்தபடி பெயர் வைத்தார். இன்று இராவதி ஓங்கில் என்று உலகம் சொல்வது அதைத்தான். அதற்குக் கரைக்காரன் என்ன பெயர் வைத்திருந்தான் என்பது அறிவியலின் பெயரிடல் அதிகாரத்துக்குள் வரவே இல்லை. சிலையும் மண்டையோடும் ஒரே கப்பல் பாதையில்தான் போயின.

எங்கள் ஊரில் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. சுவாமிமலை வெண்கலம் வார்க்கிற ஊர். கும்பகோணத்தைத் தாண்டினால் சிவபுரம். 1951இல் அங்கே மண்ணிலிருந்து எடுத்த நடராசரைப் பழுதுபார்க்கக் கொடுத்தார்கள். திரும்பி வந்தது நகல். கோயிலில் இருப்பது மூலம் அல்ல என்று 1965இல் டக்ளஸ் பாரெட் எழுதினார், அவர் பிரிட்டிஷ் மியூசியத்துக்காரர். மூலம் அமெரிக்கா போய், வழக்காகி, 1986இல்தான் திரும்பியது. அதுவரை நகலுக்குத்தான் பூசை நடந்தது. சிலையாவது திரும்பி வரும். அளந்து கரைத்துவிட்ட கொழுப்பு எப்படித் திரும்பும்?

எஹிமேக்காரர்களைத் திருடர்கள் என்கிறேனா? இல்லை. அவர்கள் அளக்காவிட்டால் நமக்கு இவ்வளவுகூடத் தெரிந்திராது. நம் ஆய்வாளர்களும் கூட நின்றுதான் செய்தார்கள். கேள்வி நம்மைப் பற்றியது. 1973 சனவரியில் தூத்துக்குடிக் கரையில் 147 பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. 2016 சனவரியில் அதே மாவட்டத்தின் மணப்பாடு பக்கம் எண்பதுக்கு மேல். ஜே.சி.பி. வந்தது, குழி வெட்டியது, புதைத்தது. நாற்றமும் கூட்டமும் அரசுக்கு சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. அப்புறம், 1972 வனவிலங்குச் சட்டப்படி அனுமதி இல்லாமல் ஒரு துண்டு வெட்டுவதும் குற்றம். ஆகவே வலையில் ஓங்கில் செத்துக் கிடந்தால் மீனவர் கரைக்குக் கொண்டுவர மாட்டார். வலையை அறுத்துக் கடலிலேயே விட்டுவிடுவார். பாதுகாக்கப் போட்ட சட்டம் பிணத்தைச் சாட்சி சொல்லவிடாமல் செய்கிறது. அயல்நாட்டுக்கு மாதிரி போவதை 2002 பல்லுயிர்ச் சட்டம் கட்டுப்படுத்துகிறது, நல்லது. இங்கே வைத்துக்கொள்ளக் களஞ்சியங்களை அமர்த்தவும் அது வழி சொல்கிறது.

தாய்ப்பாலுக்கு வருவோம். பால் கொடுத்த பெண்கள் அந்த ஆய்வில் எண்களாக இருக்கிறார்கள். ஓங்கிலுக்காவது இனப் பெயர் உண்டு. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தது இதே பசுமைப் புரட்சியின் கூலித் தகராறில்தான். அந்த நெருப்புக்கு வழக்குக் கட்டும் தீர்ப்பும் ஆவணமாக நிற்கின்றன, தீர்ப்பு எப்படி இருந்தது என்பது வேறு. பவுடர் தூவிய வயலில் வருஷக்கணக்காக நின்ற உடல்களுக்கு அதுவும் இல்லை.

நாகப்பட்டினத்தில் 2012இல் மீன்வளப் பல்கலைக்கழகம் வந்துவிட்டது. அந்தக் கரையில் ஒதுங்கும் ஒவ்வொரு பிணத்திலிருந்தும் மூன்று துண்டு எடுத்து, பிடித்த மீனவர் வைத்த பெயரையும் சீட்டில் எழுதி, ஒரு உறைபெட்டியில் போட என்ன செலவாகும்? கரண்டுதான் தகராறு. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது வேதாரண்யம் பக்கம் பல வாரம் மின்சாரம் இல்லை. தோல்துண்டு ஆல்கஹாலில் அப்படியே கிடக்கும், கொழுப்பு கிடக்காது. ஆகவே உறைபெட்டியோடு ஒரு ஜெனரேட்டரும், அதற்கு டீசல் போட ஒரு ஆளும் சேர்த்துக் கேட்க வேண்டும்.