மரியதாஸ் ரத்தினசாமி

மரியதாஸ் ரத்தினசாமி (1885 – 1977) தமிழ்நாட்டைச் சேர்ந்த கல்வியாளரும், வழக்கறிஞரும், அரசறிவியல் எழுத்தாளரும், நாடாளுமன்ற உறுப்பினரும் ஆவார். சென்னை மாகாண சட்டமன்றத்தின் தலைவராகவும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பணியாற்றியவர். இராசகோபாலாச்சாரி (இராசாசி) தோற்றுவித்த சுதந்திராக் கட்சியின் சார்பில் 1962 முதல் 1968 வரை மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார். தனியுடைமை, குறைந்த அளவு அரசுத் தலையீடு, சமய நம்பிக்கை ஆகியவற்றை வலியுறுத்திய தமிழகப் பழமைவாதச் சிந்தனையாளர்களுள் குறிப்பிடத்தக்கவர்.

பிறப்பும் கல்வியும்

ரத்தினசாமி 1885 ஆம் ஆண்டு சென்னை இராயபுரத்தில் கத்தோலிக்கக் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்றார். இலண்டனில் சட்டம் பயின்று பாரிஸ்டர் ஆனார். தாயகம் திரும்பிய பின் கல்லூரி ஆசிரியப் பணியை மேற்கொண்டார்.

கல்விப் பணி

1921 முதல் 1927 வரை சென்னை பச்சையப்பன் கல்லூரியின் முதல்வராகவும், 1928 முதல் 1930 வரை சென்னைச் சட்டக் கல்லூரியின் முதல்வராகவும் இருந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த கே. வி. ரெட்டி நாயுடுவுக்குப் பின் 1942 இல் அப்பதவிக்கு வந்தார். 1948 வரை அதில் நீடித்தார். வெள்ளையனே வெளியேறு இயக்கம், இரண்டாம் உலகப் போரின் பிற்பகுதி, நாட்டு விடுதலை ஆகிய நிகழ்வுகள் யாவும் இக்காலப் பகுதியில் அடங்கும்.

மாகாண சட்டமன்றம்

இரட்டையாட்சி முறை நடைமுறையில் இருந்த காலத்தில் சென்னை மாகாண சட்டமன்றம் ஒரே அவையாக இயங்கியது. அதன் தலைவராக இருந்த எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை 1925 இல் காலமானதைத் தொடர்ந்து, ரத்தினசாமி தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு 1926 வரை அப்பொறுப்பை வகித்தார். அப்போது நீதிக்கட்சி அமைச்சரவை ஆட்சியில் இருந்தது.

தேர்வாணையம்

இந்திய மாகாணங்களிலேயே முதன்முதலாகச் சென்னையில் 1929 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசுப் பணித் தேர்வாணையம் அமைக்கப்பட்டது. ரத்தினசாமி 1930 முதல் 1942 வரை இதன் உறுப்பினராக இருந்தார். அக்காலத்தில் வகுப்புவாரி உரிமை ஆணையின்படி, ஒவ்வொரு 12 பணியிடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முசுலிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறித்தவருக்கும் சேர்த்து 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1 என இடங்கள் பகிர்ந்தளிக்கப்பட்டன. நிருவாகவியல் குறித்து அவர் பிற்காலத்தில் எழுதிய நூல்களுக்குப் பின்னே இந்தப் பன்னிரண்டு ஆண்டுப் பட்டறிவு இருந்தது.

அரசியலமைப்பு உருவாக்கத்தில்

அடிப்படை உரிமைகள், சிறுபான்மையினர் உரிமைகள் ஆகியவற்றை ஆராய அரசியல் நிர்ணய மன்றம் வல்லபாய் பட்டேல் தலைமையில் ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தது. 1947 ஏப்ரலில் இக்குழுவில் நடைபெற்ற விவாதங்களில் ரத்தினசாமி பங்கேற்றார். சமயத்தைப் பின்பற்றும் உரிமையுடன் அதனைப் 'பரப்பும்' உரிமையும் இடம்பெற வேண்டுமா என்பது அங்கு எழுந்த முக்கியக் கேள்வியாகும். பரப்புதல் என்பது மேடையில் நின்று போதிப்பதோடு முடிந்துவிடுவதில்லை, திரைப்படம், வானொலி போன்ற புதிய வழிகளையும் அது உள்ளடக்கும் என்று அவர் விளக்கினார். இச்சொல் இறுதியில் அரசியலமைப்பின் 25 ஆம் பிரிவில் இடம்பெற்றது. எனினும், பரப்பும் உரிமை பிறரை மதம் மாற்றும் உரிமையாகாது என உச்ச நீதிமன்றம் 1977 இல் தீர்ப்பளித்தது.

சுதந்திராக் கட்சி

கூட்டுறவுப் பண்ணை முறையை ஆதரித்துக் காங்கிரசு 1959 சனவரியில் நாக்பூரில் நிறைவேற்றிய தீர்மானம், நிலவுடைமையாளரிடையே அச்சத்தை ஏற்படுத்தியது. அதே ஆண்டில் இராசாசி சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார். என். ஜி. ரங்கா அதன் தலைவராகவும், மினு மசானி பொதுச் செயலாளராகவும் பொறுப்பேற்றனர். ரத்தினசாமி இக்கட்சியின் கொள்கைகளுக்கு அறிவுலகில் குரல் கொடுத்தவர்களுள் ஒருவர். 'சுவராச்யா' ஆங்கில வார இதழிலும் எழுதி வந்தார்.

மாநிலங்களவையில்

1962 பொதுத் தேர்தலில் சென்னை மாநிலச் சட்டமன்றத்தின் 206 இடங்களில் சுதந்திராக் கட்சி 6 இடங்களை மட்டுமே பெற்றது. இந்த எண்ணிக்கையைக் கொண்டு மாநிலங்களவைக்கு ஒருவரை அனுப்ப இயலாது. பிற உறுப்பினர்களின் வாக்குகளும் தேவைப்பட்டன. அவ்வாண்டு ஏப்ரலில் ரத்தினசாமி மாநிலங்களவை உறுப்பினரானபோது அவருக்கு வயது 76. திராவிட முன்னேற்றக் கழகத்தின் கா. ந. அண்ணாதுரையும் அதே ஆண்டிலேயே அவ்வவைக்குச் சென்றார்.

இந்திய-சீனப் போர் (1962), ஆட்சிமொழிச் சட்டம் (1963), ரூபாய் மதிப்புக் குறைப்பு (1966) ஆகியன இவரது பதவிக்காலத்தில் நிகழ்ந்தவை. சுதந்திராக் கட்சி மிகக் கடுமையாக எதிர்த்தது 1964 ஆம் ஆண்டின் 17 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தையாகும். தமிழகத்தின் நில உச்சவரம்புச் சட்டம் (1961) செல்லாது என உச்ச நீதிமன்றம் 1964 மார்ச்சில் தீர்ப்பளித்திருந்தது. 17 ஆவது திருத்தம், இரயத்துவாரி நிலங்களையும் 'எஸ்டேட்' என்னும் வரையறைக்குள் கொண்டுவந்ததுடன், இச்சட்டம் உட்பட 44 சட்டங்களை நீதிமன்றங்கள் தலையிட இயலாதவாறு ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தது. நிலமற்றோருக்கு நிலம் கிடைக்க இது இன்றியமையாதது என்றனர் ஆதரித்தோர். சிறு உழவரின் உடைமையும் இதனால் அரசின் கைக்குப் போய்விடும் என்றனர் எதிர்த்தோர். சொத்துரிமை 1978 இல் 44 ஆவது திருத்தத்தின் மூலம் அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கப்பட்டது.

1967 தேர்தலில் தி.மு.க.வுடன் கூட்டணி அமைத்த சுதந்திராக் கட்சி, சென்னை மாநிலத்தில் 20 சட்டமன்றத் தொகுதிகளிலும், நாடு முழுவதும் 44 மக்களவைத் தொகுதிகளிலும் வென்றது. ரத்தினசாமியின் பதவிக்காலம் 1968 ஏப்ரலில் நிறைவடைந்தது. கட்சி 1974 இல் பாரதிய லோக் தளத்துடன் இணைந்தது.

எழுதிய நூல்கள்

இவரது நூல்கள் ஆங்கிலத்தில் அமைந்தவை. அவற்றுள் சில:

• திரு. காந்தியின் அரசியல் தத்துவம் (1922)
• அரசின் உருவாக்கம் (1932)
• இந்தியாவில் பிரித்தானிய நிருவாக முறையை உருவாக்கிய சில தாக்கங்கள் (1939)
• விடியல் முதல் இந்தியா (1949)
• பொது நிருவாகத்தின் கொள்கையும் நடைமுறையும்

காந்தி ஒத்துழையாமை இயக்கத்தை நடத்திய காலத்திலேயே அவரது அரசியல் கருத்துகளை ஆராய்ந்து எழுதப்பட்டது என்பதால் முதல் நூல் குறிப்பிடத்தக்கது.

விருதுகள்

பிரித்தானிய அரசு இவருக்கு சி.ஐ.இ. பட்டம் வழங்கியது. இந்திய அரசு 1968 இல் பத்ம பூசண் விருது வழங்கிச் சிறப்பித்தது.