கொங்கு நாட்டில் திருநங்கையர் பொதுவாழ்வு

கொங்கு நாட்டுத் திருநங்கையர் பேருந்திலும் அலுவலகத்திலும் வாடகை வீடு தேடும் தெருவிலும் படும் இடர்களுக்கு வேர் ஒன்றே: அவர்கள் இன்னார் என்பதை வேறொருவர் ஒப்புக்கொண்டாக வேண்டும். தமிழ் இலக்கணம் இப்படி ஒருவரைத் தேடவில்லை. தொல்காப்பியம் ஆண்மை திரிந்தோரை ஆண்பாற் சொல்லால் குறிக்கலாகாது என்று நிறுத்திக்கொண்டது. பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தவர் என்று கொங்கு மரபு போற்றும் பவணந்தி முனிவரோ நன்னூலில் மேலும் ஒரு படி சென்றார். ஆண்மை விட்டுப் பெண்மையை விரும்புவோர் பெண்பால், பெண்மை விட்டு ஆண்மையை விரும்புவோர் ஆண்பால் என்பது அவர் வகுப்பு. விருப்பமே அங்கு அளவுகோல். இருவரையும் அஃறிணை போலவும் வழங்கலாம் என்று அதே நூற்பா முடிவதை மரபைப் புகழ்வோர் வசதியாக மறந்துவிடுகின்றனர். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோர் ஆடல்களுள் ஆண்மை திரிந்த கோலத்தில் ஆடும் பேடும் ஒன்று. அரவான் வழிபாடு கோவை சிங்காநல்லூரிலும் உண்டு. ஆனால் திருநங்கையர் அரவானைக் கணவராக ஏற்றுத் தாலி கட்டிக்கொள்ளக் கூடுவது உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த கூவாகத்தில். ஆடலிலும் திருவிழாவிலும் தரப்பட்ட இந்த இடம் மறுநாள் கடைவீதி வரை நீளவில்லை.

2008-இல் தமிழகத்தில் திருநங்கைகள் நல வாரியம் அமைந்தது. அவரவர் பாலினத்தை அவரவரே முடிவு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. 2019-ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டமோ சான்றிதழ் தரும் அதிகாரத்தை மாவட்ட ஆட்சியரிடம் வைத்தது. சேலத்தில் பிறந்த திருநங்கை பிரித்திகா யாஷினியின் காவல்துறை விண்ணப்பம், சான்றிதழ்களில் பழைய பெயர் இருந்ததால் தள்ளப்பட்டது. உயர் நீதிமன்றம் 2015-இல் தலையிட்ட பின்னரே அவர் உதவி ஆய்வாளராக முடிந்தது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் திருநங்கையருக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அந்தப் பயணச்சீட்டைக் கேட்பவர் கூட்டத்தின் நடுவே தம்மை அறிவித்துக்கொள்கிறார், அல்லது நடத்துநர் முகம் பார்த்துத் தீர்மானிக்கிறார்.

கடைகளில் காசு கேட்கிறார்கள், வம்பு செய்கிறார்கள், அதனால்தான் விலக்குகிறோம் என்பது வணிகர்களும் வீட்டுக்காரர்களும் சொல்லும் மறுப்பு. சிலர் அடாவடி செய்வது உண்மை. ஆயினும் வேலையும் வீடும் மறுக்கப்பட்டவருக்கு எஞ்சிய பிழைப்பையே மறுப்புக்குக் காரணம் காட்டுவது தர்க்கமாகாது. கதவு திறந்தபோது நடந்ததைக் கோவையிலேயே காணலாம்: 2014-இல் திருநங்கை பத்மினி பிரகாஷ் லோட்டஸ் தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பாளரானார், 2020-இல் ஆர்.எஸ்.புரத்தில் திருநங்கையர் கோவை டிரான்ஸ் கிச்சன் என்ற உணவகத்தைத் தொடங்கினர். பெண்ணாகக் கருதப்பட்டுப் பிறந்து ஆணாக வாழும் திருநம்பிகள் இப்பேச்சில் இடம்பெறுவது அரிது. திருநங்கையர், திருநம்பியர் உள்ளிட்ட திருநர்களுக்கான மாநிலக் கொள்கையைத் தமிழக அரசு 2025-இல் வெளியிட்டது.