பெரட்டுக் களத்திலிருந்து ஜிம் வரை

சனிக்கிழமை காலை ஆறரைக்கு நான் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கும்போது பாட்டி வாசல் நாற்காலியிலிருந்து கேட்பார்.

"என்னாம்மா, பெரட்டுக்குக் கெளம்பிட்டியா?"

ஒரு வருடமாக இதே கேள்விதான். கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொள்வார். முதல் சில வாரங்கள் நானும் சும்மா சிரித்துவிட்டு மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். பிறகுதான் அந்தச் சொல் உறுத்த ஆரம்பித்தது. நான் போவது ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் நடக்கும் கூட்டு உடற்பயிற்சி வகுப்புக்கு. பாட்டி போனது ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தின் காலைப் பெயர் கூப்பிடலுக்கு. இரண்டையும் அவர் ஏன் ஒரே சொல்லில் அடக்குகிறார்?

தோட்டத்தில் பிறக்காத நண்பர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்துப் 'பரேட்' தோட்டத்து நாக்கில் 'பெரட்டு' ஆனது. விடியும் முன்பே தொழிலாளர்கள் திடலில் வரிசையாக நிற்க வேண்டும். கிராணி பெயர் கூப்பிடுவார், கங்காணி தலையை எண்ணுவார், யாருக்கு எந்த நிரை என்று பிரித்துக் கொடுப்பார்கள். தாமதமாக வந்தால் அன்றைக்கு வேலை கிடையாது. "புள்ளைக்குப் பால் குடுத்துட்டு ஓடியாருவேன், பேரு தாண்டிப் போயிருக்கும்" என்பார் பாட்டி.

மலாக்காவுக்கு இந்தக் கதையில் தனி இடம் உண்டு. 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டதிலிருந்துதான் மலாயாவின் வணிக ரப்பர் தோட்டங்கள் தொடங்குகின்றன. மரங்களின் வரிசை வந்தது, பின்னால் லயங்களின் வரிசை வந்தது, லயத்தின் முன் மனிதர்களின் வரிசையும் வந்தது. தன் கீழிருந்து வேலைக்கு வந்து நின்ற ஒவ்வொரு ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. வரிசையில் நின்ற உடம்பு இன்னொருவரின் கணக்கில் ஒரு எண்.

நான் வகுப்பில் சேர்ந்ததற்குக் காரணம் சரித்திர ஆர்வமெல்லாம் இல்லை. டுரியான் துங்காலில் பொறியியல் படிப்பை முடித்துத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த நான்காம் வருடம், மருத்துவப் பரிசோதனையில் சர்க்கரை அளவு எல்லையில் நிற்கிறது என்றார்கள். அப்பாவுக்கு இனிப்பு நீர், அத்தைக்கும் இனிப்பு நீர். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. மரத்துக்கு மரம் நடந்தே தேய்ந்த உடம்புகளின் பேரப்பிள்ளைகள் நாங்கள். கணினி முன்பும் கார் இருக்கையிலும் உட்கார்ந்தே இருக்கிறோம்.

தங்கா பத்துவில் ஓட இடமில்லை என்று சொல்ல முடியாது. கடற்கரை இருக்கிறது. பக்கத்துச் சுங்கை ஊடாங்கில் தெரண்டாக் முகாம் இருக்கிறது. 1950களின் இறுதியில் காமன்வெல்த் படைக்காகக் கட்டப்பட்ட முகாம் அது. அந்தப் பக்கம் வீரர்கள் ஒரே குரலில் எண்ணிக்கொண்டு ஓடுவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். நானும் தனியாக ஓடிப் பார்த்தேன். மூன்று வாரம் தாங்கவில்லை.

வகுப்பில் தாங்கியது. முதல் நாள் எல்லோரும் வலது பக்கம் போனபோது நான் இடது பக்கம் போய் ஒரு சீன ஆண்ட்டியின் காலை மிதித்துவிட்டேன். அவர் என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டு ஆடிக்கொண்டே இருந்தார். இரண்டாவது மாதத்தில் எனக்கென்று ஓர் இடம் உருவாகியிருந்தது. இரண்டாம் வரிசை, கண்ணாடித் தூணுக்குப் பக்கத்தில். இடப்பக்கம் அந்த ஆண்ட்டி, வலப்பக்கம் தாதி வேலை செய்யும் ஒரு மலாய்க்காரக் காக், பின்னால் இரண்டு பிள்ளைகளின் அம்மாவான ஒரு தமிழ் அக்கா. வகுப்பு முடிந்தால் கீழே மாமாக் கடையில் பசியாறுவோம். நான்கு வருட வேலையில் கிடைக்காத சிநேகம் நான்கு மாதத்தில் கிடைத்தது. எப்படி என்று எனக்குள் இருக்கும் எஞ்சினியர் குடைந்துகொண்டே இருந்தாள்.

தேடியபோது வரலாற்றாசிரியர் வில்லியம் மெக்நீல் அகப்பட்டார். 1941இல் டெக்சாஸில் ராணுவப் பயிற்சிக்காக வெயிலில் மணிக்கணக்கில் நடைபழக்கப்பட்டவர் அவர். பயனே இல்லாத அந்த நடை ஏன் தனக்குச் சந்தோஷமாக இருந்தது என்ற கேள்வி அவரை விடவில்லை. அதிலிருந்துதான் 1995இல் ஒரு நூலையே எழுதினார். ஒரே தாளத்தில் அசையும் உடம்புகளுக்குள் ஒரு பிணைப்பு உண்டாகிறது, நடனமும் கவாத்தும் மனிதக் கூட்டங்களைக் கட்டியிருக்கின்றன என்பது அவர் வாதம். 2009இல் ஆக்ஸ்ஃபர்ட் ஆய்வாளர்கள் 12 படகோட்டிகளை இயந்திரத்தில் துடுப்புப் போடவைத்துச் சோதித்தார்கள். தனியாகச் செய்தபோதைவிடச் சேர்ந்து செய்த பிறகு அவர்கள் வலியைக் கூடுதலாகத் தாங்கினார்கள். உழைப்பின் அளவு இரண்டு தடவையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்தப் பிணைப்பை அரசாங்கங்களும் கம்பெனிகளும் எப்போதோ கண்டுகொண்டுவிட்டன. 1920களில் அமெரிக்காவின் மெட்ரோபாலிடன் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் வானொலியில் காலை உடற்பயிற்சி நடத்தியது. வாடிக்கையாளர் நீண்ட நாள் இருந்தால் காப்பீட்டுக்காரனுக்கு லாபம். அதைப் பார்த்துவந்த ஜப்பானிய அஞ்சல் காப்பீட்டு அதிகாரிகள் வழியாக 1928இல் 'ரேடியோ தைசோ' பிறந்தது. வானொலியில் பியானோ ஒலிக்க நாடே ஒன்றாகக் கை உயர்த்தும் பயிற்சி. 1942இல் மலாயாவுக்கு வந்த ஜப்பானியர்கள் அதையும் கூடவே கொண்டுவந்தார்கள். பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் காலையில் தைசோ செய்ய வேண்டும். போர் முடிந்தபின் அமெரிக்க ஆக்கிரமிப்பின் கீழிருந்த ஜப்பானில் அந்த ஒலிபரப்பு நின்றுபோனது. 1951இல்தான் புது வடிவில் திரும்பி வந்தது.

அதே ஜப்பானியர் காலத்தில்தான் நம்மவர்கள் இரண்டு வரிசைகளில் நின்றார்கள். ஒன்று சயாம் மரண ரயில். தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். ஆயிரமாயிரம் பேர் திரும்பவில்லை. சயாமிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் 1943 அக்டோபர் 17 அன்று இணைந்தன. ஐந்து நாள் கழித்து, அக்டோபர் 22 அன்று, சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது.

இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சென்னையிலிருந்து வந்து சிங்கப்பூரில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் லட்சுமி அந்தப் படைக்குத் தலைமை ஏற்றார். கோலாலம்பூர் ஜானகி தேவர் போல வசதியான வீட்டுப் பெண்கள் சேர்ந்தார்கள். பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த தோட்டத்துப் பெண்களும் திரளாகச் சேர்ந்தார்கள். காலையில் உடற்பயிற்சி, பிறகு கவாத்து, துப்பாக்கிப் பயிற்சி, நெடுநடை. சேலை போய்க் கால்சட்டை வந்தது. பசிக்குத் தப்பி வந்தவர்களும் இருந்திருப்பார்கள், நேதாஜியின் பேச்சைக் கேட்டு வந்தவர்களும் இருந்திருப்பார்கள். எப்படி வந்திருந்தாலும், பெயர் கூப்பிடும்போது குனிந்து நின்று பழகிய ஒரு பெண் முதன்முதலாக நிமிர்ந்து நின்று தன் பெயருக்குப் பதில் சொல்லியிருப்பாள். அந்த நிற்றல் அவளை என்ன செய்திருக்கும் என்று யோசிக்கிறேன்.

நிமிர்வதற்கான போராட்டம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் ஆர்.எச். நாதன் முதலானோர் முன்வைத்த கோரிக்கைகளில் சம்பள உயர்வு மட்டும் இல்லை. அதிகாரிகள் எதிரில் வரும்போது சைக்கிளைவிட்டு இறங்க வேண்டிய அவமானம் போக வேண்டும் என்பதும் இருந்தது. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. ராணுவத்தை வைத்து அதை அடக்கினார்கள். ஐந்து தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

போருக்குப் பிறகு வந்ததுதான் என்னை அதிகம் பாதித்த வரிசை. கெடா, பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி என்பவரின் தலைமையில் தொண்டர் படை உருவானது. வேலை முடிந்த இளைஞர்கள் தோட்டத்துத் திடலில் கூடிச் சீருடையில் கவாத்துப் பழகினார்கள். இந்திய தேசிய ராணுவத்தில் கற்ற நடையும் ஒழுங்கும் அங்கே தொடர்ந்தன. வெள்ளைக்காரத் துரை கூப்பிட்டதற்காகவோ ஜப்பானியன் கூப்பிட்டதற்காகவோ அவர்கள் அங்கே நிற்கவில்லை. குடியை நிறுத்த வேண்டும், தோட்டத்து மனிதன் மரியாதையோடு இருக்க வேண்டும் என்று தாங்களாகச் சேர்ந்து நின்றார்கள்.

கள்ளுக்கடைமீது கைவைத்ததும் பிரச்சினை வெடித்தது. தோட்ட நிர்வாகங்களுக்குக் கள்ளு ஒரு வசதி: சம்பளத்தின் ஒரு பகுதி அங்கேயே திரும்பிவிடும், ஆளும் அடங்கிக் கிடப்பான். 1947இன் தொடக்க மாதங்களில் பீடோங் வட்டாரத்தில் மறியலும் போலீசாருடன் மோதலும் நடந்தன. பலர் சிறைக்குப் போனார்கள், உயிரும் போனது. மறு வருடம் ஜூனில் அவசரகாலச் சட்டம் வந்தபோது தோட்டங்களில் கூடி நிற்பதே சந்தேகத்துக்குரிய காரியம் ஆனது.

எங்கள் மாநிலத்திலும் ஒரு நடை இருக்கிறது. 1967இல் புக்கிட் ஆசஹான் தோட்டத் தொழிலாளர்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூரை நோக்கி நடந்தார்கள். நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம். நான் டிரெட்மில்லில் ஐந்து கிலோமீட்டர் நடந்துவிட்டு அதைப் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்புகிறவள். பள்ளியில் மலாக்கா என்றால் பரமேஸ்வரா, போர்த்துகீசியர், ஏ ஃபமோசா. ஆசஹான் நடையை எந்தப் பாடத்திலும் நான் படித்ததில்லை.

அப்புறம் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன. சனங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் பிரிந்து போனார்கள். திடலோடு சேர்ந்து பந்து விளையாட்டும், மணிமன்றக் கூட்டமும், திருவிழாக் கோலாட்டமும் போயின. வரிசைகள் மட்டும் போகவில்லை. நான் வேலை செய்யும் இடத்திலும் லைன் என்றுதான் சொல்கிறோம். ஷிப்ட் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் கைகாலை நீட்டி மடக்கும் பயிற்சி உண்டு, தைசோவின் தூரத்துச் சொந்தம் மாதிரி. அதிலும் தலை எண்ணப்படுகிறது.

ஜிம் வகுப்பும் ராணுவத்துக்கு ரொம்ப தூரத்தில் பிறந்ததில்லை. 'ஏரோபிக்ஸ்' என்ற சொல்லைப் பரப்பிய கென்னத் கூப்பர் அமெரிக்க விமானப்படை மருத்துவர். அவருடைய நூல் 1968இல் வந்தது. அடுத்த ஆண்டு ஜாக்கி சோரன்சன் புவேர்ட்டோ ரிக்கோ விமானப்படைத் தளத்துக் குடும்பப் பெண்களுக்காக அதை நடனமாக்கினார். கவாத்து பாட்டோடு சேர்ந்தது அங்கேதான். நம் நாட்டில் அது 'செனாம்ரோபிக்' ஆகித் திடல்களுக்கு வந்தது. கொலம்பியக்காரர் பெட்டோ பெரெஸ் ஒரு நாள் வகுப்புக்கான ஒலிநாடாவை மறந்துவிட்டுப் போய்க் கையிலிருந்த சல்சா பாட்டைப் போட்டதாகச் சொல்லும் கதையிலிருந்து ஸும்பா வந்தது. கடைசியில் அது எங்கள் கடைவீட்டு மாடிக்கும் ஏறிவிட்டது.

இத்தனையும் படித்த பிறகு வகுப்பில் நிற்கும்போது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. தொண்டர் படை கள்ளுக்கடையை மூடப் போனது. நாங்கள் சர்க்கரை போடாத தே ஓ குடிக்கப் போகிறோம். மாதக் கட்டணம் கட்ட முடிந்தவர்கள் மட்டும் நிற்கும் வரிசை இது. தோட்டத்தில் என் பாட்டியோடு நின்றவர்களின் பேத்திகள் எத்தனை பேர் இங்கே இருக்கிறார்கள் என்று சுற்றிப் பார்த்தால் இரண்டு பேர்தான். இன்னொருத்தி அந்த அக்கா.

போன மாதம் இரண்டு வாரம் தொடர்ந்து இரவு ஷிப்ட். வகுப்புக்குப் போகவில்லை. முதல் சனிக்கிழமை பத்து மணிக்கு அக்காவிடமிருந்து செய்தி: "எங்கடி? உடம்பு சரியில்லையா?" காக் கேட்டிருந்தார். ஆண்ட்டி கண்ணாடித் தூணுக்குப் பக்கத்து இடத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். அதில் அவருடைய துண்டு விரிந்து கிடந்தது. எனக்காகப் பிடித்து வைத்த இடமாம்.

அதைப் பாட்டியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இங்க யாரு கிராணி?"

"கிராணியெல்லாம் இல்ல பாட்டி. பயிற்சி சொல்லிக்குடுக்க ஒருத்தவங்க இருக்காங்க. அவங்க பேரு கூப்பிட மாட்டாங்க."

"அப்ப நீ வரலன்னு எப்படித் தெரிஞ்சுச்சாம்?"

"பக்கத்துல நிக்கிறவங்க பாத்துக்குவாங்க."

பாட்டி கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். "எங்க நெரையிலயும் அப்படித்தான். எனக்குப் புள்ள காய்ச்சலா இருந்தப்ப பக்கத்து நெரைக்காரி தன் மரத்தையும் வெட்டி என் மரத்தையும் வெட்டிப் பால் எடுத்தா. கிராணிக்குத் தெரியாது" என்றார்.

அவளுடைய பெயரைக் கேட்டேன். சொன்னார். எந்தப் பேரேட்டிலிருந்தும் பார்க்காமல், அறுபது வருடத்துக்குப் பிறகும், தகப்பன் பெயரோடு சேர்த்துச் சொன்னார்.