வட ஆர்க்காட்டு முஸ்லிம்களிடையே சீர்திருத்த இயக்கங்கள்

வட ஆர்க்காடு மாவட்டம் 1989இல் இரண்டாகப் பிரிந்தது. அவற்றுள் வேலூர் மாவட்டம் 2019இல் மறுபடி மூன்றானது. இக்கட்டுரை பழைய எல்லையையே கொள்கிறது. பாலாற்றை ஒட்டிய வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், மேல்விஷாரம், ஆர்க்காடு ஆகியவற்றோடு தெற்கே ஆரணி, வந்தவாசி, தெள்ளார் பகுதிகளும் இதில் அடங்கும். இங்குள்ள முஸ்லிம்களில் தக்னி உருது பேசுவோரும் உண்டு, தமிழ் பேசும் லெப்பைகளும் உண்டு. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபி மத்ஹபு (சட்ட நெறி) மிகுதி, இங்கே ஹனஃபி. அச்சேறிய வரலாறு பெரும்பாலும் பாலாற்றங்கரையோடு நின்றுவிடுகிறது. தெள்ளாறெறிந்த நந்திவர்மனின் போருக்கும் ஆரணிப் பட்டுக்கும் கிடைத்த பக்கங்கள் அப்பகுதிப் பள்ளிவாசல்களுக்குக் கிடைக்கவில்லை.

ஆர்க்காட்டு நவாபுகள் காலத்துச் சமய வாழ்வு தர்காக்களைச் சுற்றி அமைந்திருந்தது. ஆர்க்காட்டுத் திப்பு மஸ்தான் அவுலியா தர்காவில் வேண்டிக்கொண்டே ஹைதர் அலி தம் மகனுக்குத் திப்பு என்று பெயர் வைத்தார் என்பது மரபு. கந்தூரி, சந்தனக்கூடு, முஹர்ரம் பஞ்சா ஆகியவற்றில் அண்டைவீட்டு இந்துக்களும் கலந்துகொண்டனர். இத்தகைய வழக்கங்களை எதிர்ப்போரைச் சுட்டிய ‘வஹாபி’ என்ற சொல் அரசியல் சந்தேகத்தையும் சுமந்தது: 1839இல் ‘வஹாபி சதி’ என்ற ஐயத்தில் கர்நூல் நவாபைக் கம்பெனி பதவியிறக்கியது.

சீர்திருத்தத்தின் தெளிவான தொடக்கம் வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரிதான். நிறுவியவர் ஷா அப்துல் வஹ்ஹாப். மாணவர் வழக்கில் அஃலா ஹள்ரத். தொடங்கிய ஆண்டைச் சிலர் 1857 என்பர், சிலர் 1862 என்பர். முறையான கல்லூரியாக அது உருப்பெற்றதை 1880களில் வைப்போரும் உண்டு. அவர் மக்காவில் ரஹ்மத்துல்லா கைரானவியிடம் பயின்றவர். 1854இல் ஆக்ராவில் பாதிரியார் பெஃபாண்டருடன் நடத்திய விவாதத்தால் பெயர்பெற்ற கைரானவி, 1857 கிளர்ச்சிக்குப் பிறகே மக்காவுக்குத் தப்பிச் சென்றார். ஆகவே 1857ஐ ஏற்பவர்கள், மக்காப் பயணத்துக்கு முன்பே வேலூரில் பாடம் தொடங்கிவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும். வீட்டில் நாலைந்து பேருக்குக் கிதாபு சொல்லிக்கொடுத்த நாளையும், கட்டடமும் நிர்வாகமும் வந்த நாளையும் வெவ்வேறு பேர் தொடக்கமாக எடுத்துக்கொண்டதால் வந்த குழப்பமாகவும் இது இருக்கலாம்.

அப்துல் வஹ்ஹாபை எதிர்த்தவர்கள் அவரை வஹாபி என்றதாகக் கூறப்படுகிறது. ஆனால் அவர் சூஃபி நெறியைத் தள்ளியவர் அல்லர். குத்பே வேலூர் என்று போற்றப்பட்ட ஷா அப்துல் லத்தீஃபின் வழியில் வந்தவர். கல்யாணச் சடங்குகளில் பணத்தைக் கரைப்பது, பஞ்சா ஊர்வலம், கந்தூரிக் கேளிக்கை ஆகியவற்றையே அவர் கண்டித்தார் என்பர். பாடத்திட்டம் வடஇந்திய மதரசாக்களில் வழங்கிய நிஜாமிய்யா முறையை ஒட்டியது. பாக்கியாத்தில் ஓதி ஸனது (பட்டம்) வாங்கியவர் பெயரோடு ‘பாக்கவி’ ஒட்டிக்கொள்ளும். தமிழகத்தில் இமாமின் பெயர்ப்பலகையைப் பார்த்தே அவர் எங்கே ஓதியவர் என்று ஜமாஅத்தார் சொல்லிவிடுவார்கள்: பாக்கவி என்றால் வேலூர், உமரி என்றால் உமராபாத், ஜமாலி என்றால் சென்னைப் பெரம்பூர். திருக்குர்ஆன் முழுவதையும் தமிழில் தந்த முன்னோடி ஆ. கா. அப்துல் ஹமீதும் ஒரு பாக்கவியே. அம்மொழிபெயர்ப்பு 1940களில் நிறைவுற்றது.

கேரளத்திலிருந்தும் மாணவர்கள் வேலூருக்கு வந்து குவிந்தனர். இங்கு ஒரு சுவையான திருப்பம் உண்டு. காந்தபுரம் அபூபக்கர் முஸ்லியார் போல, மலபாரில் முஜாஹித் சீர்திருத்தக்காரர்களை முழுமூச்சாக எதிர்த்த சமஸ்தா என்ற மரபுவழி உலமா அமைப்பின் அணியைச் சேர்ந்த முன்னணி உலமாக்கள் பலர் பாக்கியாத்தில் ஓதியவர்களே. பாலாற்றங்கரையில் சீர்திருத்தமாக இருந்தது, பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டியதும் மரபின் அரணாயிற்று.

1924இல் தோல் வணிகர் காக்கா முஹம்மது உமர் ஆம்பூருக்கு அருகே ஜாமிஆ தாருஸ்ஸலாமை நிறுவினார். ஊரே அவர் பெயரால் உமராபாத் ஆயிற்று. ஹனஃபிகளும், மத்ஹபு எதையும் பின்பற்றாத அஹ்லே ஹதீஸ் கருத்தினரும் ஒரே கூரையின்கீழ் ஓத வேண்டும், மார்க்கக் கல்வியோடு நவீனக் கல்வியும் சேர வேண்டும் என்பது நோக்கம். மத்ஹபுச் சண்டையில் பள்ளிவாசல்கள் பிளந்துகொண்டிருந்த காலத்தில் இது துணிச்சலான ஏற்பாடு.

இவற்றுக்கெல்லாம் பணம் தோல் தொழிலிலிருந்து வந்தது. தோல் ஷாப்புகளின் வருமானம் மதரசாக்களோடு நில்லாமல் ஆங்கிலக் கல்விக்கும் போனது. தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் 1902இல் சென்னையில் உருவானது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் தொடங்கிற்று. மேல்விஷாரத்து வள்ளல் சி. அப்துல் ஹக்கீமின் பெயரால் அவ்வூரில் 1965இல் கல்லூரி வந்தது.

மாவட்டத்துக்கு வெளியே இருந்தாலும் பா. தாவூத்ஷாவைத் (1885–1969) தவிர்க்க முடியாது. தஞ்சை நாச்சியார்கோவில் பக்கத்தவர். சப் மாஜிஸ்திரேட்டாக இருந்து வேலையை உதறியவர். ‘தாருல் இஸ்லாம்’ இதழில் கந்தூரியையும் தாயத்தையும் சாடினார். ஜும்ஆ குத்பாவைத் தமிழில் ஓதச் சொன்னார். இதழில் எழுத்துப்பிழை கண்டுபிடித்தால் பரிசு என்று அறிவித்திருந்தாராம். கம்பனில் தோய்ந்து பேசியதால் ‘இராமாயண சாயபு’ என்ற பட்டமும் வந்து சேர்ந்தது. இங்கிலாந்தின் வோக்கிங் பள்ளிவாசலில் குவாஜா கமாலுத்தீனோடு பழகியதை வைத்து உலமாக்கள் அவரைக் காதியானி (அஹ்மதியாக்காரர்) என்றனர். அவர் அதை மறுத்தார். கமாலுத்தீனுக்கு அஹ்மதியா லாகூர்ப் பிரிவோடு தொடர்பு இருந்ததால் சர்ச்சை எளிதில் ஓயவில்லை.

விடுதலைக்குப் பின் தப்லீக் ஜமாஅத்தும் ஜமாஅத்தே இஸ்லாமியும் பரவின.

1980களில், தர்கா வழக்கங்களையும் மத்ஹபுகளையும் மறுத்த தவ்ஹீத் இயக்கம் வலுப்பெற்றது. பெரும் பிளவுகள் சிறு அசைவுகளில் தெரிந்தன: அத்தஹிய்யாத் இருப்பில் சுட்டுவிரலை அசைப்பது, ஆமீனை உரக்கச் சொல்வது, நெஞ்சின்மேல் கை கட்டுவது, தொப்பியில்லாமல் தொழுவது. விரலை அசைத்ததற்காகப் பள்ளிவாசலில் கைகலப்பு நடந்த ஊர்களும் உண்டு. ‘விரலாட்டி’ என்று கேலிப்பெயரும் பிறந்தது. கருத்துகள் கேஸட்டுகளிலும் பிறகு சிடிக்களிலும் பரவின. பாக்கவிகள் இப்போது பழைமையின் தரப்பில் நிறுத்தப்பட்டார்கள். அப்துல் வஹ்ஹாப் தம் காலத்தில் கண்டித்த கந்தூரியைத் தவ்ஹீத் இயக்கத்தார் அவருடைய மாணவர் மரபின் தலையிலேயே சுமத்தியது சற்றே அநீதி. வரதட்சணைக்கு எதிராக இவ்வியக்கம் காட்டிய கண்டிப்பை எதிர்த்தரப்பாரும் மறுப்பதில்லை. தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம் 1995இலும், அதிலிருந்து பிரிந்தோரின் தமிழ்நாடு தவ்ஹீத் ஜமாஅத் 2004இலும் தோன்றின.

அண்மைக்காலத்தில் பேச்சு பெண்களை நோக்கித் திரும்பியிருக்கிறது. தலாக், ஜீவனாம்ச வழக்குகளை ஆண்கள் மட்டுமே அமர்ந்த ஜமாஅத்துகள் விசாரிப்பதை எதிர்த்து, மாவட்டத்துக்கு வெளியே புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானம் பெண்கள் ஜமாஅத்தைத் தொடங்கினார். அது பெண்களுக்கென ஒரு பள்ளிவாசல் கட்டவும் முனைந்தது. பணத் தட்டுப்பாட்டால் வேலை பாதியில் நின்றதாகச் செய்திகள் வந்தன.